முசிறி வணிகத்தில் நிலவழியின் இடம்

சங்ககால அயலக வணிகம் பெரும்பாலும் கடல்வணிகமாகவே நோக்கப்படுகிறது. பருவக்காற்றும் யவனர் மரக்கலமும் பெற்ற கவனத்தை, சரக்கு கடந்துவந்த நிலவழிகள் போதிய அளவு பெறவில்லை. முசிறி - அலெக்சாந்திரியா வழியை நிலமும் ஆறும் கடலும் இணைந்த ஒரே தொடராகக் கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி இவ்வழியின் பயண நாள்களைக் குறித்துள்ளார். அலெக்சாந்திரியாவிலிருந்து நைல் ஆற்றின்வழிக் கொப்தோசுக்கு 12 நாள். அங்கிருந்து ஒட்டகங்களுடன் பாலைநிலத்தைக் கடந்து செங்கடல் துறையான பெரெனிகேவுக்கு 12 நாள். பெரெனிகேயிலிருந்து செங்கடல் வாயிலிலுள்ள ஒக்கேலிசுக்கு ஏறத்தாழ 30 நாள். அதன்பின் முசிறிக்கு 40 நாள். இக்கணக்கின்படி ஏறத்தாழ 94 நாள்களில் 24 நாள்கள் ஆற்றிலும் பாலையிலும் கழிந்தன.

இவ்வழியின் நடைமுறையைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த வியன்னா பாப்பிரசு ஆவணம் காட்டுகிறது. 1985இல் பதிப்பிக்கப்பட்ட இவ்வாவணத்தின் ஒரு பக்கத்தில் முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் உள்ளது. அதன் எஞ்சிய பகுதி, சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்தல், காவலுடன் கொப்தோசுக்குக் கொண்டுசெல்லல், பண்டகசாலையில் முத்திரையிட்டு வைத்தல், அலெக்சாந்திரியாவில் நான்கில் ஒரு பங்கு சுங்கம் செலுத்துதல் ஆகியவற்றை வரையறுக்கிறது. மறுபக்கம் எர்மப்பொல்லோன் என்னும் கலத்தின் சரக்கைப் பட்டியலிடுகிறது. அதில் யானைத்தந்தத்துடன் கங்கைப்பகுதிச் சடாமாஞ்சிலும் இடம்பெறுவதால், முசிறி பிறபகுதிப் பொருள்களையும் திரட்டி அனுப்பிய துறை என்பது தெளிவாகிறது.

தமிழகத்திலும் இத்தகைய நிலத்தொடர்பு உண்டு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணிக்கல் தொழிற்கூடங்கள் அகழ்ந்தறியப்பட்டுள்ளன. கொங்குப் பகுதியில் உரோமானியக் காசுக்குவியல்கள் பல கிடைத்துள்ளன. மேற்குத்தொடர்ச்சி மலையிடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாயே இப்பகுதியை மேலைக்கடற்கரையோடு இணைத்தது. வழியின் மறுமுனையில், பெரெனிகே கோயிலொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கொண்ட இந்தியச் சாடி கிடைத்தது. குசெய்ர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் கணன், சாதன் என்னும் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆகவே முசிறியின் ஏற்றத்தையும் தாழ்வையும் காற்றையும் கலத்தையும் மட்டும் கொண்டு விளக்குதல் நிறைவுடையதாகாது. கணவாயின் போக்குவரத்தும் பாலைவழியின் காவலும் சுங்கச்சுமையும் அவ்விளக்கத்தில் இடம்பெறுதல் வேண்டும்.