பச்சை அம்பும் தொலைக்காட்சித் தொடரும்: தழுவலின் சமூகவியல் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு வடிவத்தில் அமைந்த கதை வேறொரு வடிவத்துக்கு மாற்றப்படும்போது, மூலத்துக்கு அது எத்துணை விசுவாசமாக உள்ளது என்னும் வினாவே முதலில் எழுப்பப்படுகின்றது. நாவல் நாடகமாகும்போதும், நாடகம் திரைப்படமாகும்போதும் விமர்சகர் பலர் இவ்வினாவோடு அமைந்துவிடுகின்றனர். விடப்பட்டவை எவை, சேர்க்கப்பட்டவை எவை என்று வரிசைப்படுத்துவது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது. அவற்றுக்கான காரணங்களைக் கலைப்பொருள் உற்பத்தியாகும் முறையிலும், அது தோன்றிய காலத்தின் சமூக முரண்பாடுகளிலும் தேடுதல் வேண்டும். அமெரிக்கச் சித்திரக்கதை வீரனான ‘கிறீன் அரோ’ (பச்சை அம்பு) 2012 முதல் 2020 வரை ‘அரோ’ என்னும் தொலைக்காட்சித் தொடராக்கப்பட்டமை இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1. மூலம் என்பது யாது?

மோற் வைசிங்கர், ஜோர்ஜ் பப் ஆகிய இருவரும் படைத்த இவ்வில்லாளி, 1941 நவம்பர் திகதியிட்ட ‘மோர் ஃபன் கொமிக்ஸ்’ 73ஆம் இதழில் அறிமுகமானான். றொபின் கூட் மரபின் சாயல் அவனிடம் வெளிப்படை. எட்கர் வலஸின் நாவலைத் தழுவி 1940இல் வெளிவந்த ‘த கிறீன் ஆச்சர்’ என்னும் தொடர் திரைப்படமும் அவனது தோற்றத்துக்கு உதவியது. எனவே, திரைக்குச் சென்ற இவ்வீரன் ஒரு வகையில் திரையிலிருந்தே வந்தவன். ‘தூய மூலம்’ என ஒன்றைக் கற்பித்துக்கொண்டு தழுவலை அளவிடுவோருக்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

தொடக்ககாலத்து ஒலிவர் குவீன், பட்மானின் நிழலாகவே இயங்கினான். பெருஞ்செல்வம், இளந்துணைவன், அம்பின் பெயர் தாங்கிய வாகனம், மறைவிடக் குகை ஆகிய யாவும் அவனுக்கும் வழங்கப்பட்டன. 1950களின் இறுதியில் ஜக் கேர்பி, தனித்தீவில் ஒதுங்கி உயிர்பிழைக்க வில்வித்தை பழகிய கதையை அவனது பூர்வீகமாக நிலைநிறுத்தினார். தொலைக்காட்சித் தொடரின் அத்திவாரம் இத்தீவே ஆகும்.

1969ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. நீல் அடம்ஸ் வீரனுக்குப் புதுத் தோற்றம் வரைந்தார். டெனிஸ் ஓ’நீல் அவனது செல்வத்தைப் பறித்தார். வியட்நாம் யுத்த எதிர்ப்பும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் அமெரிக்காவைக் குலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1970இல் இருவரும் இணைந்து, விற்பனை தளர்ந்திருந்த ‘கிறீன் லான்ரேன்’ இதழில் பச்சை அம்பையும் சேர்த்துக் கதை நடத்தினர். அதன் முதற்கதையில், குடியிருப்போரை வெளியேற்ற முனையும் வீட்டுச் சொந்தக்காரனைக் காப்பது சட்டமாகவும், அவனை எதிர்ப்பது நீதியாகவும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. வேற்றுக்கிரக மக்களுக்கெல்லாம் உதவிய வீரனிடம், கறுப்பின மக்களுக்கு என்ன செய்தாய் என்று முதியவரொருவர் கேட்கிறார், வீரனிடம் விடையில்லை. கம்பெனியின் பிடியிலுள்ள சுரங்க நகரமும் அமெரிக்கப் பூர்வகுடிகளும் அடுத்தடுத்த கதைகளில் இடம்பெற்றனர். தாராளவாதத்தின் எல்லையை இக்கதைகள் கடந்தன எனக் கூறமுடியாது. ஆயினும், அவற்றில் தீமைக்கு ஒரு சமூக முகவரி இருந்தது. 1972இல் இம்முயற்சி நின்றது. 1987இல் மைக் கிறெல், வேடிக்கை அம்புகளைக் களைந்து, முக்காடணிந்த கடூர வேட்டைக்காரனாக அவனை மாற்றினார்.

2. தொடரின் உற்பத்தி முறை

கிறெக் பெர்லான்ரி, மார்க் குகன்ஹைம், அன்ட்றூ கிறைஸ்பேர்க் ஆகியோர் உருவாக்கிய ‘அரோ’, 2012 ஒக்ரோபர் 10இல் சி.டபிள்யூ. அலைவரிசையில் தொடங்கியது. அவ்வலைவரிசையில் அந்நாளில் பங்குரிமை கொண்டிருந்த வோர்னர் குழுமமே டி.சி. கொமிக்ஸின் உரிமையாளருமாகும். ஆகவே, இங்குத் தழுவல் என்பது ஒரு நிறுவனம் தன் கைவசமுள்ள கையிருப்பை வேறொரு சந்தைக்குப் புதுப்பித்து அனுப்பும் செயலாகவும் அமைகின்றது.

முதல் ஆறு பருவங்களும் ஒவ்வொன்றும் 23 அத்தியாயங்கள் கொண்டவை. எட்டுப் பருவங்களிலும் மொத்தம் 170. விளம்பர இடைவெளி நீங்கலாக ஒவ்வோர் அத்தியாயமும் ஏறத்தாழ 42 நிமிடம் ஓடும். இவ்வளவு நீளம் நான்கு தேவைகளைத் தோற்றுவிக்கின்றது: வாரந்தோறும் தோற்கடிக்க ஓர் எதிரி, பருவம் முழுவதும் நீளும் ஒரு சதி, பார்வையாளரைப் பிணைக்கும் குடும்ப, காதல் உறவுகள், இடையிடையே விரியும் கடந்தகால இரகசியம். இறுதித் தேவையைத் தீவின் கதை நிறைவேற்றியது. வீரன் காணாமற்போன ஐந்து ஆண்டுகளும், ஆண்டுக்கொன்றாக, முதல் ஐந்து பருவங்களில் நினைவோட்டமாகக் கூறப்பட்டன.

நம்பகத்தன்மையை முன்னிட்டுத் தொடக்கத்தில் அதீத சக்திகள் விலக்கப்பட்டன. ‘பச்சை அம்பு’ என்ற பெயரைக்கூட வீரன் 2015இல், நான்காம் பருவத்திலேயே ஏற்கிறான். சித்திரக்கதையில் இல்லாத ஜோன் டிகிள் தொடருக்கெனவே படைக்கப்பட்டவன். சிறு பாத்திரமாக நுழைந்த ஃபெலிசிற்றி ஸ்மோக், பார்வையாளர் ஆதரவால் கதாநாயகியானாள். ஒளிபரப்பாகும் வேளையிலேயே தழுவல் மாறிக்கொண்டிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

3. பெயர்ப்பட்டியல்

தொடர் செய்த தலையாய மாற்றம் வேறொன்று. கப்பல் மூழ்கியபின் மகன் பிழைக்கவேண்டுமெனத் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் தந்தை, நகரைச் சீரழித்தோரின் பெயர்கள் எழுதிய குறிப்பேடொன்றை விட்டுச்செல்கிறார். ஊர் திரும்பும் ஒலிவர், அப்பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டுகிறான். இப்பட்டியல் தொடரின் புத்தாக்கமாகும். 2008இன் நிதி நெருக்கடியும், 2011இல் நியூயோர்க்கில் எழுந்த வோல்வீதி ஆக்கிரமிப்பு இயக்கமும் மக்கள் நினைவில் பசுமையாயிருந்த வேளையில், செல்வந்தரை நோக்கி அம்பு தொடுக்கும் வீரன் தொலைக்காட்சிக்கு வந்தமை தற்செயல் எனக் கொள்ளத்தக்கதன்று. முதல் அத்தியாயத்திலேயே செல்வந்தனொருவனிடமிருந்து 4 கோடி டொலர் பறிக்கப்பட்டு, ஏமாற்றப்பட்டோரிடம் சேர்க்கப்படுகின்றது.

எனினும், பட்டியல் என்ற உத்தியிலேயே அதன் எல்லையும் அடங்கியுள்ளது. பட்டியலில் பெயர்களுக்கு இடமுண்டு, உறவுகளுக்கு இடமில்லை. சுரண்டல் என்பது குறிப்பிட்ட சில தீயோரின் குற்றமாகிவிடுகின்றது. அவர்களை அகற்றினால் நகரம் சீராகும் என்பது உட்கிடை. ஏழைகள் வாழும் ‘கிளேட்ஸ்’ பகுதியைச் செயற்கைப் பூகம்பத்தால் அழிக்கச் செல்வந்தர் குழுவொன்று திட்டமிடுவதே முதற்பருவத்தின் பெருஞ்சதி. அக்குழுவில் வீரனின் தாயும் சிக்கியிருக்கிறாள். வர்க்கப் பகை இங்கு எத்துணை வெளிப்படையாகச் சித்திரிக்கப்படுகின்றது! ஆயினும், சதித்தலைவன் மல்கம் மேர்லினின் நோக்கம் யாது? அப்பகுதியிற் கொலையுண்ட மனைவிக்காகப் பழிவாங்குதல். சேரி ஏன் உண்டாயிற்று என்ற வினா, ஒரு கணவனின் துயரத்துள் மறைந்துபோகின்றது.

இத்தொடரை வெறும் மயக்கமருந்து எனத் தள்ளிவிடாதபடி தடுப்பது அதன் ஆறாம் அத்தியாயம். அதில் வங்கிகளைக் கொள்ளையிடும் குடும்பமொன்று வருகின்றது. குடும்பத் தலைவன், குவீன் குடும்பத்தின் மூடப்பட்ட தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன். வேலை வெளிநாட்டுக்கு மாற்றப்பட்டபோது தொழிலாளர் கைவிடப்பட்டனர். கைவிட்டவர் வீரனின் தந்தை. பட்டியலை எழுதிய கையே பட்டியலில் இடம்பெறவேண்டிய கை என்பது ஒரு கணம் தெரிந்துவிடுகின்றது. ஒலிவர் அவனுக்கு வேலை தர முன்வருகிறான். ஆனால், அவ்வத்தியாயத்தின் முடிவில் அவன் மகனைக் காக்கக் குண்டேந்தி இறக்கிறான். மறுவாரம் வேறோர் எதிரி வருகிறான். தொழிற்சாலைப் பிரச்சினை 42 நிமிடத்தில் தீர்ந்துவிடுகின்றது. அமெரிக்க நகரமாகக் காட்டப்படும் அவ்வூரும், வரிச்சலுகை கிடைக்கும் கனடாவின் வன்கூவரிலேயே பெரும்பாலும் படமாக்கப்பட்டது என்பதையும் இங்கு மனங்கொள்ளல் தகும்.

4. பழைய வீரன், புதிய சாதனம்

ஏழைகளின் குடியிருப்பில் மாறுவேடத்தில் உலவி, நல்லோருக்குப் பரிசும் தீயோருக்குத் தண்டனையும் வழங்கும் செல்வந்தன் புதியவனல்லன். 1842-43இல் பாரிஸ் பத்திரிகையொன்றில் தொடராக வந்த இயூஜின் சூவின் ‘பாரிஸ் நகர மர்மங்கள்’ நாவலின் நாயகன் றுடோல்ஃப் இத்தகையவனே. 1845இல் வெளியான ‘புனித குடும்பம்’ நூலில் மார்க்ஸ் அந்நாவலை விரிவாக ஆராய்ந்து, சமூகத் துன்பம் எவ்வாறு ஒழுக்கப் போதனையாகச் சுருக்கப்படுகின்றது என்பதைக் காட்டினார். தொடர்கதைகளின் இத்தகைய நாயகரை, குறிப்பாக டூமாவின் மொன்ரி கிறிஸ்ரோ பிரபுவை, கிராம்சியும் சிறைக் குறிப்புகளில் கவனித்தார். தீவுச் சிறை, மீட்சி, செல்வம், ஒவ்வொருவராகப் பழிவாங்கல் என்ற அமைப்பு ‘அரோ’வில் மீண்டும் தோன்றுகின்றது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் வேறுபட்ட சாதனங்கள். எனினும் நாளை வரை வாசகனைக் காத்திருக்கச் செய்யும் வணிகத் தேவை இரண்டுக்கும் பொது.

2014 முதல் ‘ஃபிளாஷ்’ உட்படப் பல தொடர்கள் இதிலிருந்து கிளைத்தன. அதீத சக்திகள் நுழைந்தன. கிளேட்ஸ் பின்னணிக்குச் சென்றது. கொல்லலாமா, கூடாதா என்ற தனிமனித அறப்பிரச்சினை முன்னணிக்கு வந்தது. ஐந்தாம் பருவத்தில் வீரன் நகர முதல்வராகவே அமர்கிறான். இறுதியில் உலகங்கள் பலவற்றை அழிவினின்று காக்க உயிர் துறக்கிறான். பிரபஞ்சம் முழுவதும் காக்கப்பட்டது. மூடப்பட்ட தொழிற்சாலையின் தொழிலாளர் எங்கே என்று எவரும் கேட்கவில்லை.

1970இன் சித்திரக்கதையில் அம்முதியவர் கேட்ட கேள்வியையும், 2012இன் பட்டியலையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னது வீரனை நோக்கி மக்கள் எழுப்பியது. பின்னது மக்கள் சார்பில் வீரன் வைத்திருப்பது. தழுவலில் இழக்கப்பட்டது இதுவே. ஆயினும், நீதி வேண்டும் என்ற வேட்கை இல்லாத இடத்தில் இத்தகைய வீரன் தோன்றுவதில்லை. அவ்வேட்கை உண்மையானது; அதற்கு அளிக்கப்பட்ட விடையே போலி. இவ்விரண்டையும் பிரித்தறிந்து, வேட்கையை மதித்து விடையை மறுப்பது முற்போக்கு விமர்சனத்தின் பணியாகும்.