ஆள்களக் கட்டுப்படுத்தி

ஆள்களக் கட்டுப்படுத்தி என்பது ஒரு நிறுவனத்தின் கணினி வலையமைப்பில் பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள், அணுக்க உரிமைகள் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்து, நுழைய வருபவர் இன்னார் என்பதை உறுதி செய்யும் வழங்கிக் கணினியாகும். மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் சர்வர் இயங்குதளங்களில் ஆக்டிவ் டைரக்டரி என்னும் அடைவுச் சேவை இப்பணியைச் செய்கின்றது. கட்டற்ற மென்பொருளான சாம்பாவும் 2012இல் வெளியான 4.0 பதிப்பு முதல் இதனைச் செய்யவல்லது. இக்கணினி நின்றுவிட்டால், கோப்புகளும் அச்சுப்பொறிகளும் பழுதின்றி இருந்தும் அவற்றை அணுக இயலாது போகலாம்.

வரலாறு

விண்டோஸ் என்.டி. காலத்தில் முதன்மைக் கட்டுப்படுத்தி ஒன்றில் மட்டுமே மாற்றங்களை எழுத முடிந்தது. துணைக் கட்டுப்படுத்திகள் அதன் படிகளை வைத்திருந்தன. விண்டோஸ் 2000 பதிப்பில் எல்லாக் கட்டுப்படுத்திகளும் எழுதத்தக்கவையாயின. ஒன்றில் செய்த மாற்றம் ஏனையவற்றுக்குத் தானே படியெடுக்கப்படும். எனினும் ஐந்து பொறுப்புகள் ஒரு நேரத்தில் ஒரு கணினியிடம் மட்டுமே இருக்கும். புதிய கணக்குகளுக்கான அடையாள எண்களைப் பகிர்ந்தளிப்பது அவற்றுள் ஒன்று.

மிகைமை

ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியைத் தொடருமாறு அமைப்பது மிகைமை எனப்படும். சிறு நிறுவனத்துக்கும் இரு கட்டுப்படுத்திகள் தேவை. அவை ஒரே அறையில் ஒரே மின்னிணைப்பில் இருந்தால் அது அரை மிகைமையே.

எடுத்துக்காட்டாக, இராமநாதபுரத்தில் தலைமையகமும் இராமேசுவரம் தீவில் கிளையும் கொண்ட ஒரு கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தை எண்ணிப் பார்க்கலாம். இத்தீவு துண்டிக்கப்படுவது வெறும் கற்பனையன்று. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததுடன், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் தொடருந்துப் பாலத்தையும் சிதைத்தது. பாலமாக அப்போது இருந்தது அது ஒன்றே. சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. கட்டுப்படுத்திகள் இரண்டும் தலைமையகத்திலேயே இருந்து, இடையிலுள்ள தகவல் இணைப்பு அறுந்தால், தீவுக் கிளையில் ஏற்கெனவே அதே கணினியில் நுழைந்தவர்கள் மட்டும் அதில் சேமிக்கப்பட்ட சான்றுகளைக் கொண்டு நுழையலாம். இயல்பு அமைப்பில் இது இறுதியாக நுழைந்த பத்துப் பேருக்கே பொருந்தும். புதிதாக வந்தவருக்கு வழியில்லை. எனவே ஒன்றைத் தீவில் வைப்பதே முறை. கிளையில் பூட்டிய அறை இல்லையெனில், விண்டோஸ் சர்வர் 2008இல் அறிமுகமான, படிக்க மட்டும் இயலும் கட்டுப்படுத்தியை வைக்கலாம். அது திருடுபோனாலும், அதில் வைக்க அனுமதித்த கடவுச்சொற்கள் மட்டுமே ஆபத்துக்குள்ளாகும்.

பயனர் கணினிகள் கட்டுப்படுத்தியைக் களப்பெயர் முறைமை வழியாகவே கண்டறிகின்றன. அவற்றின் அமைப்பில் ஒரே ஒரு களப்பெயர் வழங்கி குறிக்கப்பட்டிருந்தால், இரண்டாம் கட்டுப்படுத்தி நலமாக இருந்தும் பயனில்லை. நடைமுறையில் பெரிதும் தவறவிடப்படுவது இதுவே.

படியும் காப்பும்

படியெடுத்தல் வன்பொருள் பழுதிலிருந்து காக்கும். தவறான அழிப்பிலிருந்தோ தீநிரலிலிருந்தோ காக்காது. 2017 ஜூன் 27இல் நாட்பெட்யா என்னும் தீநிரல் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அதன் குழுமம் இயக்கிய மும்பை ஜவகர்லால் நேரு துறைமுக முனையமும் முடங்கியது. 2018இல் வெளியான செய்திக் கட்டுரையின்படி, அந்நிறுவனத்தின் ஏறத்தாழ 150 கட்டுப்படுத்திகள் ஒன்றுக்கொன்று காப்பாகும் எனக் கருதப்பட்டதால் அவற்றுக்குத் தனிக் காப்புப்படி இல்லை. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கு ஏற்பட்ட மின்தடையால் அது வலையமைப்பிலிருந்து விலகியிருந்தது. இணைப்பு வேகம் போதாமையால் அதிலிருந்த தரவை ஒருவர் வான்வழியே நைஜீரியாவரை கொண்டுசெல்ல, அங்கிருந்து மற்றொருவர் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். இத்தனை பெரிய நிறுவனத்தைக் காத்தது திட்டமன்று, மின்தடை.

ஆகவே வலையமைப்பிலிருந்து பிரித்த காப்புப்படி ஒன்று வேண்டும். அதற்கும் வயது உண்டு. அழிக்கப்பட்ட பதிவுகளின் குறிகள் புதிய அடைவுகளில் இயல்பாக 180 நாட்கள் வைக்கப்படுகின்றன. அதனினும் பழைய காப்புப்படியைக் கொண்டு கட்டுப்படுத்தியை மீட்டெடுக்க இயலாது.

மேம்படுத்தல்

விண்டோஸ் சர்வர் 2008க்கான பொது ஆதரவு 2020 சனவரியிலும், 2012க்கானது 2023 அக்டோபரிலும் முடிவுற்றன. ஆதரவு முடிந்தபின் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பழைய இயங்குதளத்தின் மேலேயே புதியதை நிறுவ இயலுமாயினும், புதிய கணினியை அருகில் நிறுத்தி, அதனையும் கட்டுப்படுத்தியாக்கி, ஐந்து பொறுப்புகளையும் அதற்கு மாற்றுவதே நலம். இடையில் கோளாறு நேர்ந்தால் பழையது இன்னும் இருக்கும். முன்னதாகச் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். பழைய கோப்புப் படியெடுப்பு முறையைப் பயன்படுத்தும் ஆள்களத்தில் 2019 பதிப்பைக் கட்டுப்படுத்தியாகச் சேர்க்க இயலாது. 2025 பதிப்புக்கு ஆள்களத்தின் செயற்பாட்டு மட்டம் 2016க்கு உயர்ந்திருக்க வேண்டும்.

பழைய கணினியை நீக்குமுன் சில நாட்கள் அணைத்து வைப்பது வழக்கம். அதன் முகவரி நேரடியாக எழுதப்பட்ட அச்சுப்பொறிகளும் வருகைப்பதிவுக் கருவிகளும் அப்போதுதான் வெளிப்படும். பின்னர் அதனை மீண்டும் இயக்கி, கட்டுப்படுத்திப் பொறுப்பிலிருந்து முறைப்படி விலக்க வேண்டும். அவ்வாறின்றித் தூக்கியெறிந்தால் அதன் பதிவு அடைவில் எஞ்சும். ஏனைய கட்டுப்படுத்திகள் இல்லாத கணினியுடன் தொடர்புகொள்ள முயன்றுகொண்டே இருக்கும்.