கூட்டம் வந்தால் சிறுபெட்டி என்ன செய்யும்?

விகிதமும் வேகமும் முடிந்தபின் எட்டாம் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி இது: நால்வர் அமரும் பெட்டிகள் பல ஓடுவது நல்லதா, ஆயிரம் பேர் ஏறும் ரயில் நல்லதா?

முதல் வகைக்குத் ‘தனிநபர் விரைவுப் போக்குவரத்து’ என்று பெயர். ஓட்டுநர் இல்லாத சிறுபெட்டி தனிப்பாதையில் ஓடும். போகும் நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இடையில் நிற்காது. காரணம், நிலையங்கள் கிளைப்பாதையில் இருக்கின்றன. இறங்குபவரின் பெட்டி மட்டும் ஒதுங்கும். பின்னால் வருபவை நேரே போய்விடும். கரும்பலகையில் ஒரு கோடும், பிரிந்து மீண்டும் சேரும் ஒரு வளைவும் வரைந்தால் போதும்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இப்படி 21 பெட்டிகள் 2011-இல் ஓடத் தொடங்கின. ஐந்தாம் முனையத்துக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் இடையே, மணிக்கு 40 கி.மீ. வேகம்.

இனி கணக்கு. 6 விநாடிக்கு ஒரு பெட்டி என்றால் மணிக்கு 600 பெட்டிகள், 2,400 பேர். அதுவும் எல்லாம் நிறைந்தால்தான். முன்பின் தெரியாத நால்வர் ஒன்றாக ஏறுவார்களா? 5 நிமிடத்துக்கு ஒரு ரயில், ரயிலுக்கு 1,000 பேர் என்றால் 12,000 பேர். அதை எட்ட 1.2 விநாடிக்கு ஒரு பெட்டி விட வேண்டும். அந்த நேரத்தில் 40 கி.மீ. வேகப் பெட்டி கடப்பது 13 மீட்டர்தான். முன்னது திடீரென நின்றால்? இங்கே அறிவியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் மார்கன்டவுனில் 1975 முதல் பல்கலைக்கழக வளாகங்களை இணைக்கும் பெட்டிகளில் சுமார் 20 பேர் ஏறலாம். கூட்ட நேரத்தில் அவை அழைப்புக்கு ஓடுவதில்லை, கால அட்டவணைப்படி ஓடுகின்றன. கூட்டம் வந்ததும் சிறுபெட்டியும் பேருந்தாகிவிடுகிறது! அதனால் நெரிசல் மிகுந்த வழித்தடத்துக்கு ரயில்தான் என்பது என் முடிவு. ஆனால் இரவில் பத்துப் பேருக்காக அந்த நீண்ட ரயில் ஓடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு மாணவி விடவில்லை. “எங்க ஊருக்கு நாளைக்கு மூணு பஸ்தான் டீச்சர். கூட்டமே கிடையாது. அப்போ பெட்டி எங்களுக்குத்தானே வேணும்?”

சரியான கேள்வி. பெட்டியை நிறுத்துவது கூட்டமின்மை அல்ல, பாதை. அவள் ஊர் 9 கி.மீ. தொலைவு, சில நூறு பேருக்காக அத்தனை தூரம் தனிப்பாதை அமைப்பது யாருக்கும் கட்டாது. ஏற்கெனவே இருக்கும் சாலையிலேயே சிறிய வண்டி விட்டால்? நோட்டை எடுத்துப் போட்டாள். 50 இருக்கைப் பேருந்து 3 முறை, 150 இருக்கை. 25 இருக்கை மினி பஸ் 6 முறை, அதே 150. பகல் 12 மணி நேரத்தில் 4 மணிக்கொரு வண்டி 2 மணிக்கொன்றாகிறது. பள்ளி விட்டபின் அவள் காத்திருப்பது பாதியாகும்.

ஓட்டுநர் சம்பளத்தை அவள் சேர்க்கவில்லை. அடுத்த வகுப்புக்குள் விசாரித்துவரச் சொல்லியிருக்கிறேன்.