கார்பைடு டேப்பும் உள்மரையும்

திருகாணி ஒன்றைக் கையிலெடுத்து நோக்குவோர் அதன் புறத்தே சுற்றிச் செல்லும் மரையை எளிதிற் காண்பர். அவ்வாணி சென்று பொருந்தும் துளையினுள்ளும் அதற்கு இணையான மரையொன்று இருத்தலை நினைப்பவர் சிலரே. வெளிமரையை வெட்டுதல் கண்ணெதிரே நிகழும் வேலை. உள்மரையை வெட்டுதலோ குறுகிய துளையின் இருளில் நிகழ்வது. அதனைச் செய்யும் கருவிக்குப் பட்டறையில் டேப் என்று பெயர். அக்கருவியைக் கார்பைடு என்னும் கடினப் பொருளாற் செய்து வழங்குவதன் நன்மையையும், அதனைக் கையாள்வோர் கொள்ளவேண்டிய எச்சரிக்கையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

டேப் தோற்றத்தில் ஒரு திருகாணியையே ஒக்கும். ஆயினும், அதன் உடல் நெடுகப் பள்ளங்கள் அமைந்திருத்தலால், மரையானது தொடர்பறுந்து பல் பல்லாக நிற்கும். முனையிலுள்ள பற்கள் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். ஆகவே முதற்பல் சிறிதும், அடுத்த பல் இன்னுஞ் சற்று ஆழமுமாக உலோகத்தைச் சீவிச் செல்ல, முழுப் பற்கள் அவ்வழியே பின்தொடர்ந்து புகும். சீவல்கள் பள்ளங்களின் வழியே வெளியேறும்.

உதாரணமாக, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணிக்கு, அடுத்தடுத்த இரு மரைகளின் இடைத்தூரம் 1.5 மில்லிமீட்டராக உள்மரை வேண்டுமென்று கொள்வோம். விட்டத்தினின்று இடைத்தூரத்தைக் கழித்து, முதலில் 8.5 மில்லிமீட்டர் அளவில் துளையிடுவர். பின்பு டேப்பானது ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் வீதம், கூடாமலும் குறையாமலும் முன்னேறவேண்டும். துளையிடும் டிரில்லை மெல்லவும் செலுத்தலாம், விரைந்தும் செலுத்தலாம். டேப்புக்கு அச்சுதந்திரம் இல்லை. அன்றியும், உள்ளே சென்ற டேப் பெரும்பாலும் எதிர்முகமாகச் சுழன்றே வெளிவரல் வேண்டும்.

முற்காலத்தில் டேப்புகள் கரிச்சத்து மிகுந்த எஃகினாற் செய்யப்பட்டன. அமெரிக்காவில் டெய்லர், ஒயிட் என்னும் இருவர் நடத்திய ஆராய்ச்சியின் பயனாகத் தோன்றிய உயர்வேக எஃகு, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரக் கண்காட்சியிற் பலரும் வியக்கக் காட்டப்பெற்றது. இன்றும் டேப்புகளிற் பெரும்பாலானவை இவ்வெஃகினாலேயே ஆகின்றன. 1923-இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் என்பார் டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட் முதலிய உலோகத் தூளுடன் கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, உலையிற் சுட்டு ஒருபொருளாக்கும் முறையை வகுத்தார். சில ஆண்டுகளில் க்ருப் தொழிற்சாலையார் அப்பொருளை 'விடியா' என்னும் பெயரால் விற்கலாயினர். 'வைரம் போன்றது' எனப் பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கமே அப்பெயர்.

அப்பெயர் மிகையன்று. விக்கர்ஸ் அளவையில் உயர்வேக எஃகின் கடினம் ஏறத்தாழ 800 முதல் 900 வரையாகும்; கார்பைடின் கடினமோ 1,300-க்கும் மேற்பட்டது. சுமார் 600 டிகிரி வெப்பத்திற்கு மேல் எஃகு தன் கடினத்தை விரைந்து இழக்க, கார்பைடு அதனினும் மிக்க வெப்பத்திலும் வெட்டவல்லது. ஆகவே வேகத்தைப் பன்மடங்கு உயர்த்தலாம். வார்ப்பிரும்பிலும், சிலிக்கன் மிகுந்த அலுமினியக் கலவையிலும் உள்ள கடுந்துகள்கள் எஃகுப் பற்களை மணல்போல் அராவித் தேய்த்துவிடும். மோட்டார் எஞ்ஜின் உறுப்புகளில் இத்தகைய துளைகள் ஆயிரக்கணக்கில் மரையிடப்படும் தொழிற்சாலைகளில், தேய்வை நெடிது தாங்கும் கார்பைடு டேப் தன் விலையைத் தானே ஈட்டித் தரும்.

நிற்க, கடினமாயிருத்தல் வேறு, முறியாதிருத்தல் வேறு என்பதை மாணவர் மறத்தலாகாது. மூங்கில் வளையும், கண்ணாடி உடையும். எஃகு டேப் சிறிது முறுக்குண்டு மீளும். கார்பைடோ எஃகினும் ஏறத்தாழ மும்மடங்கு விறைப்புடையதாதலின் வளைய மறுத்து, எல்லை கடந்தவுடன் முறிந்துவிடும். துளையின் அச்சும் டேப்பின் அச்சும் சற்று விலகினாலும், அடைபட்ட துளையின் அடியில் முனை முட்டினாலும், சீவல்கள் பள்ளத்தில் நெருக்குண்டாலும் அபாயமே. எல்லாவற்றினும் கொடியது திரும்பும் கணம். அறுபடாத சீவலின் அடி பல்லின் பின்புறத்தே ஆப்புப்போற் செருகிக்கொண்டு விளிம்பைப் பெயர்த்துவிடும்.

ஆதலின், கார்பைடு டேப்பைக் கைப்பிடியிற் பொருத்தித் திருகுதல் தகாது. இரு கைகளின் விசையும் என்றும் சமமாக இரா. சுழற்சியையும் முன்னேற்றத்தையும் ஒருங்கிணைக்கும் கணிப்பொறி யந்திரமும், நேரிய பிடிகருவியும், சீவலை அலசிப்போக்கும் திரவமும் வேண்டும். வார்ப்பிரும்பின் சீவல் பொடிப்பொடியாக உதிர்தலால் அங்கே இக்கருவி இனிது தொழிற்படும். நீண்டு சுருளும் சீவலைத் தரும் மென்னெஃகிலும் துருவேறா எஃகிலும் எஃகு டேப்பே பெரும்பாலும் ஏற்றது.

இவ்வெச்சரிக்கை ஏன் இத்துணை இன்றியமையாததெனின், மரையிடுதல் பல உறுப்புகளில் இறுதி வேலைகளுள் ஒன்றாகும். வார்த்து, கடைந்து, தேய்த்து, பல நாள் உழைப்பேறிய உறுப்பினுள் கார்பைடு டேப் முறிந்து சிக்குமாயின், சாதாரண டிரில் அதனைத் தீண்டவும் இயலாது. 1943-இல் சோவியத் நாட்டில் லாசரெங்கோ தம்பதியர் மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் முறையை வகுத்தனர். அக்காலத்தை ஒட்டி அமெரிக்காவிலும் முறிந்த டேப்புகளை அகற்றும்பொருட்டே மின்பொறி யந்திரங்கள் அமைக்கப்பட்டன. மின்சாரத்தைக் கடத்தும் பொருள் எத்துணைக் கடினமாயினும் பொறி அதனை அரிக்கும். ஆயினும் காலம் செல்லும்.

எனவே, கருவியைத் தெரிந்தெடுக்குமுன் அதன் கடினத்தை மட்டும் கேளாது, வெட்டப்படும் பொருள் யாது, சீவல் எத்தகையது, யந்திரம் நேராக நிற்பதா என்னும் மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். தேய்வே பகையாயின் கார்பைடு துணைசெய்யும். அசைவும் கோணலும் பகையாயின், முதலில் யந்திரத்தைச் செப்பஞ் செய்தலே முறையாகும்.