எருக்குழிக்குப் போனால் உரம்... வாய்க்காலில் விழுந்தால் அபராதம்!

ஒரு தலைமுறைக்கு முன்பு, கிராமத்து வீடுகளில் குப்பை என்றாலே எருதான். சாணம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், வாசல் கூட்டிய சருகு எல்லாம் குப்பைமேட்டில் மக்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போகும். இன்று அதே குப்பையில் பால் பாக்கெட், ஷாம்பு உறை, பூச்சிமருந்து பாட்டில், டயப்பர் எல்லாம் கலந்துவிட்டன. கலந்த குப்பை வயலுக்கு ஆகாது. வாய்க்கால் ஓரம் கொட்டினால் அபராதம் கட்ட வேண்டும்.

எதற்கெல்லாம் அபராதம்?

மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள அபாயக் குப்பை என வீட்டுக்காரரே பிரித்துத் தர வேண்டும். தெருவிலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ போடக் கூடாது. பொது இடத்தில் எரிக்கவும் கூடாது என்று அவை சொல்லின. மீறுவோருக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்க, உள்ளாட்சி அமைப்புகள் துணைவிதி வகுக்கவும் வழி செய்தன. தொகை ஊருக்கு ஊர் மாறும். சென்னை மாநகராட்சி 2024-ல் பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது.

ரசீதில் வராத நஷ்டம்

மீந்த சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீசினால், மேய்ச்சலுக்குப் போகும் மாடு பையோடு விழுங்கிவிடும். பை செரிக்காது. முதல் இரைப்பையிலேயே தங்கிச் சேரும். மாடு தீவனம் எடுக்காது, வயிறு உப்பும், பால் குறையும். முற்றினால் அறுவைச் சிகிச்சைதான். வாய்க்காலில் வீசிய பை மதகை அடைத்து, கடைமடைக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும். பிளாஸ்டிக்கை எரித்தால் வரும் நச்சுப்புகையை முதலில் சுவாசிப்பது வீட்டிலுள்ள குழந்தைகள்தான்.

பிரித்தால் மிஞ்சுவது கொஞ்சம்

விவசாயக் குடும்பத்தின் குப்பையில் பெரும்பகுதி மக்கக் கூடியது. தண்ணீர் தேங்காத மேட்டில், 3 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். நீளம் இடத்தைப் பொறுத்தது. அடியில் அரை அடிக்குச் சருகு அல்லது வைக்கோல், அதன்மேல் சமையலறைக் கழிவு, பிறகு சாணக் கரைசல், மேலே மெல்லிய மண் என்று அடுக்கடுக்காக நிரப்பலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 20 நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று, நான்கு மாதத்தில் உரம் தயார். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள மரங்களுக்கான உரத்தில் ஒரு பங்கு இந்தக் குழியிலிருந்தே கிடைக்கும்.

பால் பாக்கெட், உறைகளைக் கழுவிக் காயவைத்துச் சாக்கில் சேர்த்து, தூய்மைக் காவலரிடம் கொடுக்கலாம். நாப்கின், டயப்பரைத் தாளில் சுற்றித் தனியாகத் தர வேண்டும். அதைப் பிரிப்பதும் ஒரு மனிதரின் கைதான்.

பூச்சிமருந்து பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும். பிறகு, யாரும் மறுபடி பயன்படுத்தாதபடி ஓட்டை போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனிச் சாக்கில் வைத்து, அபாயக் குப்பை என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். கிணற்றடியில் வீசுவதும், வரப்போரம் எரிப்பதும் கூடாது.

குப்பை வண்டி வராத ஊரில்?

“வண்டியே வர்றதில்லை, அபராதம் மட்டும் எப்படி?” என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எந்த நாளில் வண்டி வரும், மக்காத குப்பையை எங்கே ஒப்படைப்பது, எந்தத் தவறுக்கு எவ்வளவு அபராதம் என்பதை எழுத்தில் கேட்டு, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம். அபராதம் கட்ட நேர்ந்தால், காரணமும் தொகையும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த கிராம சபைக்குள் வீட்டில் இரண்டு வாளி, ஒரு சாக்கு, கொல்லையில் ஒரு குழி தயாராகட்டும். நம் பங்கைச் செய்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கு வலு அதிகம்.