கஞ்சி வடியும், சோறு நிற்கும்

2021 ஜனவரி 16ஆம் தேதி நாடு முழுக்கக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, கர்ப்பிணிகளுக்குக் கிடையாது என்பதுதான் விதி. அதே ஆண்டு ஜூலை 2ஆம் தேதி மத்திய சுகாதாரத் துறை அதை மாற்றியது. விவரத்தை எடுத்துச் சொல்லி, அவர்கள் விரும்பினால் போடலாம் என்றது. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் திறக்கப்படவில்லை. கல்வராயன் மலையில் கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்துக் குக்கிராமங்களுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோக வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். நேற்றுவரை "மாசமா இருக்கறவங்களுக்கு வேணாம்" என்று சொன்னவரும் அவரேதான்.

"அப்ப வேணாம்னீங்க, இப்ப போடுங்கறீங்களே நர்சம்மா, எதை நம்பறது?" என்று ஒரு பெண் கேட்டால் அது அறியாமை இல்லை. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். அலை ஓய்ந்துவிட்டது, கேள்வி ஓயவில்லை. இன்று உலகின் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கென்றே புதிய ஊசிகள் வருகின்றன. ஆகவே முதலில் ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முடிவு எடுப்பதைப் பிறகு பேசலாம்.

குக்கர் வந்த பிறகு வடித்துச் சாப்பிடும் வீடுகள் குறைந்துவிட்டன. ஆனாலும் மலையில் சாமைச் சோறும், கீழே கோமுகி அணைத் தண்ணீரில் விளைந்த நெல்லின் சோறும் வடிக்கிற அடுப்படிகள் இன்னும் இருக்கின்றன. உலை கொதித்ததும் களைந்த அரிசியைப் போடுகிறோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெளுக்கிறது, பிறகு கொழகொழப்பு ஏறுகிறது. பதம் பார்த்து, வடிதட்டைப் பானை வாயில் அழுத்தி, இரண்டு பக்கமும் கரித்துணியால் பிடித்துச் சாய்க்கிறோம். கஞ்சி கிண்ணத்தில் இறங்குகிறது. சோறு பானையிலேயே நிற்கிறது.

பானை, தாயின் உடம்பு. அரிசி, ஊசியில் இருக்கும் மருந்துச் சரக்கு: செத்த கிருமி, கிருமியின் ஒரு துண்டு, அல்லது வீரியம் போக்கிய அதன் நஞ்சு. கஞ்சி, அதைப் பார்த்துத் தாயின் உடம்பே தயாரிக்கும் எதிர்ப்பொருள். வடிதட்டு, நஞ்சுக்கொடி. கிண்ணம், குழந்தை. கையில் போட்ட ஊசியின் சரக்கு பெரும்பாலும் அந்தத் தசையிலும் அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும் தங்கி, சில நாட்களில் சிதைந்துபோகிறது. குழந்தையிடம் போவது தாயின் எதிர்ப்பொருள். "ஊசி மருந்து புள்ளைக்குப் போயிடுமா?" என்ற பயத்துக்கு நேரடிப் பதில் இதுதான்.

அரிசி போட்ட மறு நிமிடமே சாய்த்தால் வெறும் சுடுதண்ணீர்தான் வரும். ஊசி போட்டபின் எதிர்ப்பொருள் போதிய அளவு சேர ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். வடிதட்டும் முதல் நாளிலிருந்தே திறந்திருப்பதில்லை. நஞ்சுக்கொடி நான்காம் மாதம் வாக்கில் எதிர்ப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்குகிறது. பெரும்பகுதி இறங்குவது கடைசி மூன்று மாதங்களில். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை நோய்க்கு எளிதில் ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணம்: கஞ்சி இறங்கி முடிவதற்குள் கிண்ணத்தை எடுத்துவிட்டோம்.

எந்த மாதத்தில் எந்த ஊசி என்ற கணக்கும் இங்கிருந்துதான் வருகிறது. கக்குவான் இருமலுக்கான ஊசியைப் பல நாடுகள் கடைசி மூன்று மாதத்தில் போடச் சொல்கின்றன. அது பிறக்கப்போகும் குழந்தைக்காக. கொரோனா ஊசியைக் கர்ப்ப காலத்தில் எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்று நம் வழிகாட்டுதல் சொன்னது, ஏனென்றால் அங்கே முதலில் காப்பாற்ற வேண்டியது தாயை. எந்த ஊசி வந்தாலும் இது எனக்கா, பிள்ளைக்கா, இரண்டு பேருக்குமா என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த அடுப்படிக் கணக்கு ஓரிடத்தில் உதைக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கஞ்சி தானாக ஒழுகும். நஞ்சுக்கொடியோ தேர்ந்தெடுக்கும். எதிர்ப்பொருளில் ஐஜிஜி என்ற வகையை மட்டும் பிடித்து அந்தப் பக்கம் கடத்துகிறது. ஐஜிஎம் என்ற பெரிய வகையை விடுவதில்லை. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி தாயிடம் இருப்பதைவிட அதிகமாக இருப்பதும் உண்டு. எந்த வடிதட்டும் இந்த வேலையைச் செய்யாது.

அரிசியில் குருணை கலந்திருந்தால் என்ன ஆகும்? சந்து வழியாகக் கஞ்சியோடு கிண்ணத்தில் விழும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகளைப் பற்றி மருத்துவர்களின் எச்சரிக்கை அதனால்தான். தட்டம்மை–ருபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி இரண்டும் இந்த வகை. கர்ப்ப காலத்தில் இவற்றைப் போடுவதில்லை. போட்டுக்கொண்டவர்கள் ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கச் சொல்கிறார்கள். ருபெல்லா நோய் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் பாதிக்கக்கூடியது என்பதால் இந்தக் கண்டிப்பு. ஆனால் கருவுற்றது தெரியாமல் ருபெல்லா ஊசி போட்டுக்கொண்ட பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஊசியால் அந்தக் குறைபாடு வந்ததாகப் பதிவு இல்லை. தெரியாமல் போட்டுவிட்டோமே என்று யாரும் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உரக்கச் சொல்ல வேண்டும்.

கோவாக்சின் செத்த கிருமி. கோவிஷீல்டு உடம்புக்குள் பெருக முடியாதபடி மாற்றிய வேறொரு வைரஸில் ஏற்றிய சரக்கு. இரண்டும் குருணை இல்லை. "உயிருள்ள மருந்தா, இல்லையா?" என்று செவிலியரிடம் கேட்பதில் தவறே இல்லை. அவருக்குப் பதில் தெரியும்.

இனி, எதை நம்புவது என்ற கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே உலையில், ஒரே தீயில், ஒரே நேரத்தில் வெந்த சோற்றுக்கு அது சரி. மனித உடம்புகள் அப்படி ஒரே உலையில் வேகவில்லை. "அந்த ஊர்ல ஒருத்தி ஊசி போட்டா, கரு கலைஞ்சிடுச்சு" என்ற ஒற்றைச் செய்தி மலை முழுக்கப் பரவிவிடும். உறுதியான கர்ப்பங்களிலேயே பத்தில் ஒன்று, சமயத்தில் அதற்கும் மேல், எந்த ஊசியும் இல்லாமலே கலைகிறது. ஆகவே ஆயிரக்கணக்கில் ஊசி போட்டால், அதில் சிலருக்குத் தற்செயலாகவே கலையத்தான் செய்யும். ஊசி போட்டவர்களிலும் போடாதவர்களிலும் எத்தனை பேருக்கு என்று ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். கருவை இழந்த பெண்ணிடம் இந்தக் கணக்கைப் பேசக்கூடாது. அவளுக்கு வேண்டியது ஆறுதல்.

1950களின் இறுதியில் வாந்திக்கென்று தந்த தாலிடோமைடு மாத்திரையால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. அதன்பிறகு மருந்துச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்ப்பதையே தவிர்த்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனால் அதன் விலை என்ன? புது ஊசி வரும்போதெல்லாம் கர்ப்பிணிகளுக்கு "தெரியாது" என்பதே பதில். 2021 ஜனவரியின் "வேண்டாம்" இந்தத் தெரியாமையிலிருந்து வந்ததுதான். ஆபத்து கண்டுபிடித்துச் சொன்னது அல்ல. இதை அன்று யாரும் மக்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவே இரண்டு பக்கமும் தகவல் சேர்ந்தது. ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கர்ப்பமாக இருந்து ஊசி போட்டதாகப் பதிவு செய்த 35,691 பேரைப் பார்த்ததில் வெளிப்படையான ஆபத்துக் குறி எதுவும் தென்படவில்லை. ஆனால் அவை ஃபைசர், மாடர்னா ஊசிகள். நம் ஊரில் போட்ட இரண்டும் அல்ல. அந்த இடைவெளி உண்மையானது. மறுபக்கம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஜூனில் 1,530 கர்ப்பிணிகள், பிரசவித்த பெண்களின் கணக்கை வெளியிட்டது. முதல் அலையில் தொற்று வந்தவர்களில் 0.7 சதவீதம் பேர் இறந்தார்கள். இரண்டாம் அலையில் அது 5.7 சதவீதம். ஊசியின் அபாயம் பற்றிய வழிகாட்டுதலோ, ரத்தம் உறைதல் போன்ற தீவிர விளைவு ஒன்று முதல் ஐந்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்றது. ஊசி வேண்டாம் என்றால் ஆபத்தே இல்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்த ஜூனில் அந்தக் கணக்கு பொய். போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு.

மலையில் அந்த விலை இன்னும் கூடும். கள்ளக்குறிச்சி நகரத்தில் மூச்சுத் திணறினால் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்விடலாம். உள்ளடங்கிய குக்கிராமத்தில் தார்ச்சாலைக்கு வந்து சேர்வதே ஒரு பயணம், அதற்குப் பிறகு மலைப்பாதை வளைவுகளில் 108 வண்டி இறங்க வேண்டும். ஒரே ஊசி, ஒரே நோய், ஆனால் நோய் முற்றினால் தப்பிக்கும் வாய்ப்பு இரண்டு பெண்களுக்கும் ஒன்றல்ல.

புதிய ஊசியை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதற்கு ஆர்.எஸ்.வி. ஊசி நல்ல பாடம். கைக்குழந்தைகளின் நெஞ்சை அடைக்கும் வைரஸ் அது. தாய்க்கு ஊசி போட்டுக் குழந்தையைக் காக்கலாம் என்று இரண்டு நிறுவனங்கள் சோதித்தன. ஜி.எஸ்.கே.யின் சோதனையில் ஊசி போட்டவர்களில் 6.8 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம், போடாதவர்களில் 4.9 சதவீதம். 2022 பிப்ரவரியில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஃபைசரின் ஊசி, 7,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்ததில், பிறந்த மூன்று மாதம்வரை தீவிர நோயை 80 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. அதிலும் குறைப்பிரசவம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான். இருந்தும் 2023 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தபோது 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டும் போடச் சொன்னது. ஒன்றை அடுப்பிலிருந்தே இறக்கினார்கள், இன்னொன்றின் நேரத்தைச் சுருக்கினார்கள். கர்ப்பிணிகளைச் சோதனையில் சேர்த்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது.

கல்வராயன் மலைப் பாட்டிகளுக்கு ரணஜன்னி ஊசி தெரியும். அதுவும் ஒரு காலத்தில் புது ஊசிதான். 1961இல் நியூகினி கிராமங்களில் செய்த ஆய்வுதான், தாய்க்குப் போட்டால் சிசுவின் ரணஜன்னியைத் தடுக்கலாம் என்று காட்டியது. ஓர் ஊசி போதவில்லை. அடுத்தடுத்துப் போட்டவர்களின் குழந்தைகளே காப்பாற்றப்பட்டன. இன்றும் முதல் கர்ப்பத்தில் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போடுவது அதனால்தான். இப்போது அதோடு தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்து டிடி ஊசியாக வருகிறது. வீட்டுப் பிரசவமும் தொப்புள்கொடியைக் கிடைத்ததை வைத்து அறுப்பதும் இருந்த நாட்டில், தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ரணஜன்னி ஒழிந்துவிட்டது என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

ஆகவே புது ஊசி என்று ஒன்று வந்தால், கர்ப்பிணி முதலில் பார்க்க வேண்டியது அந்த நோய் இப்போது நம்மைச் சுற்றி இருக்கிறதா என்பதை. உயிருள்ள கிருமியா, எனக்கு எத்தனை மாதம், என்னைப் போன்ற எத்தனை பெண்களிடம் பார்த்திருக்கிறார்கள் என்பவை அடுத்து. ஏற்கெனவே வேறு ஊசியால் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். காய்ச்சல் வந்தால் தாங்கிக்கொள்ளாமல் செவிலியரிடம் கேட்டு பாராசிட்டமால் போட வேண்டும், கர்ப்பத்தில் காய்ச்சலை வளரவிடுவது நல்லதல்ல. ஊசியின் பெயரும் தேதியும் தாய் சேய் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

யோசிக்க அவகாசம் கேட்பதும் அவள் உரிமை. எவ்வளவு அவகாசம் என்பது ஊசிக்கு ஊசி மாறும். மூன்றாம் மாதத்தில் ரணஜன்னி ஊசிக்கு அடுத்த புதன்கிழமைவரை பொறுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒன்பதாம் மாதத்தில், நோய் பரவும் நேரத்தில், ஒவ்வொரு வாரமும் கணக்கில் சேரும். மாமியாரும் கணவரும் தயங்கினால் அவர்களையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போய், பயம் என்னவோ அதை அவர்கள் வாயாலேயே கேட்கச் சொல்லலாம். பதில் சொல்ல நேரமும், கையில் தமிழில் அச்சடித்த எண்களும் செவிலியருக்குக் கொடுப்பது அரசின் வேலை.