செங்கல்லும் பால்மரமும்

வெள்ளையர் பெருந்திரளாகக் குடியேறிய ஆஸ்திரேலியாவைப் போலன்றி, மலாயாவில் ஆட்சியும் முதலீடும் மட்டுமே பிரிட்டிஷாருடையவையாக இருக்க, குடியேறி உழைத்தவர்கள் பெரும்பாலும் சீனரும் தமிழருமாகவே இருந்தனர். ஈயச் சுரங்கக் குடியிருப்பாகத் தோன்றிய கோலாலம்பூர், 1880இல் கிள்ளானிடமிருந்து சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகர்த் தகுதியைப் பெற்று, 1881இல் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையானபின், ரெசிடெண்ட் எனப்பட்ட பிரிட்டிஷ் ஆலோசகர் பிராங்க் சுவெட்டன்ஹாமின் ஆணைப்படி செங்கல்லால் எழும்பியது. அந்தச் செங்கற்சூளைகளே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. ஈயத்தைத் துறைமுகம் சேர்க்க 1886இல் கிள்ளான் நோக்கி இரயில் ஓடத் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறியபோது, சொந்த ஊருக்கே திரும்பிச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டிவரும் மேற்பார்வையாளரான கங்காணியின் வழியே தமிழ்நாட்டுக் கிராமங்கள் இரப்பர் தோட்டங்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்கு இடம்பெயர்ந்தன; ஆள் மட்டுமல்ல, சாதியும் கப்பலேறியது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரோ இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். ஒரே மொழி பேசிய இரு கூட்டத்தாருக்கும் இடையிலிருந்த தொலைவு, கிள்ளான் சாலையின் நீளத்தைவிடப் பெரியது.

இரப்பர் பெருக்கிய செல்வம் பால்மரம் எனப்பட்ட இரப்பர் மரத்தைச் சீவியவரின் கூலியில் அவ்வளவாகத் தெரியவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர், ஆர்.எச். நாதன் போன்றோரின் தலைமையில், சீனருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டிய வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அரசு நாதனை நாடு கடத்தியது, படையை அனுப்பியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.